பிரித்தெடுத்த பாகங்களும் பிழைத்த குரல்களும்



"ஓடாத கேசட் டெக் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்" என்று இந்தப் பக்கத்தில் நாலைந்து முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் கிண்டல் வருகிறது. "சார் ரிட்டையர் ஆனதும் காயலான் கடை வைத்துவிட்டாரா?" என்று 1991 செட் கேட்கிறது. "மாமா, ஓடுற டெக் கேட்டாலாவது அர்த்தம் இருக்கு, ஓடாததை வாங்கி என்ன செய்யப் போறீங்க?" என்று என் தங்கை மகன் கேட்கிறான்.

நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். வரலாற்று ஆசிரியனிடம் கேட்டால் அவன் 1963இல் இருந்துதான் ஆரம்பிப்பான். பொறுமையாகப் படியுங்கள்.

1963 ஆகஸ்ட் கடைசியில் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் காட்டியது. அதற்குள் போடும் பொருள்தான் நாம் கேசட் என்று சொல்லும் காம்பாக்ட் கேசட். பெல்ஜியம் நாட்டில் ஹாசெல்ட் என்ற ஊரில் இருந்த பிலிப்ஸ் தொழிற்சாலையில், லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுப் பொறியாளரின் குழு அதை உருவாக்கியது. அதுவரை ஒலிநாடா என்றால் பெரிய சக்கரங்கள். நாடாவைக் கையால் இழுத்து, வளைத்து, மாட்ட வேண்டும். ஓட்டன்ஸ் தன் கோட்டுப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையை வெட்டி, 'கருவி இதைவிடப் பெரிதாகக் கூடாது' என்று அளவு வைத்துக்கொண்டார்.

அப்போது கேசட்டுக்குப் போட்டிகள் இருந்தன. ஜெர்மனியின் கிரண்டிக் 1965இல் வேறொரு அளவில் தன் கேசட்டைக் கொண்டுவந்தது. அந்தப் போட்டியும், சோனி போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் கொடுத்த நெருக்கடியும் சேர்ந்து, பிலிப்ஸ் தன் கேசட்டை யார் வேண்டுமானாலும் உரிமத் தொகை இல்லாமல் செய்யலாம் என்று விட்டது. ஒரு நிபந்தனை மட்டும்: அளவு மாறக் கூடாது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். உலகத்தில் எங்கே செய்த கேசட்டும் எங்கே செய்த கருவியிலும் ஓடும். கேசட் ஜெயித்தது இதனால்தான்.

இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். பொது அளவு கேசட்டுக்குத்தான். அதை ஓட்டும் கருவியின் உள்ளுறுப்புகளுக்குப் பொது அளவு எதுவும் கிடையாது. பல் சக்கரம், ரப்பர் உருளை, மோட்டார், ஹெட் என ஒவ்வொன்றும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் வேறு. கேசட்டைப் பிழைக்க வைத்த ஒப்பந்தம் கருவியைப் பிழைக்க வைக்கவில்லை. பழைய டெக்குக்குப் பாகம் தேடி அலையும் கதை முழுவதும் இதிலிருந்து வந்ததுதான்.

நம் பக்கத்துக்குக் கேசட் எப்படி வந்தது என்று உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இராமநாதபுரம் சீமையில் இருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் விடுமுறையில் வரும்போது தோளில் டூ-இன்-ஒன் தொங்கும். சென்னைக்குப் போனவர்கள் பர்மா பஜாரில் வாங்கி வருவார்கள். பிறகு ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் போனால், டி.டி.கே. கேசட்டிலோ மெல்ட்ராக் கேசட்டிலோ பதிந்து, அட்டையில் அழகான கையெழுத்தில் பாட்டு வரிசை எழுதித் தருவார்கள். அந்தக் கடைகளில் இருந்தவைதாம் டெக்குகள். டூ-இன்-ஒன்னில் ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும். டெக்கில் இருக்காது, ஆம்ப்ளிஃபயருடன் இணைக்க வேண்டும். காசு முழுவதும் பதிவின் தரத்துக்கே செலவழிக்கப்பட்டிருக்கும்.

ஆனால் வரலாற்றுக்காரன் கண்ணில் பெரிய விஷயம் சினிமாப் பாட்டு அல்ல. கிராமபோன் தட்டைக் கேட்கத்தான் முடியும். கேசட்டில் நீங்களே பதியலாம். கம்பெனியோ ஸ்டுடியோவோ வானொலி நிலையமோ நடுவில் வேண்டியதில்லை. எழுதத் தெரியாத தாய், வளைகுடாவில் இருக்கும் மகனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பினாள். ஒப்பாரி, தாலாட்டு, வில்லுப்பாட்டு, கோவில் கொடை, கட்சிக் கூட்டம், கல்யாண வீட்டுச் சண்டை வரைக்கும் பதிவானது. சாதாரண மனிதர்களின் குரல் அவர்கள் கையாலேயே பதிவானது நம் ஊர்களில் அப்போதுதான் முதல் தடவை. அந்தப் பதிவுகளுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பிரதிதான் உண்டு. கடையில் விற்ற பாட்டு எப்படியும் எங்காவது கிடைத்துவிடும். உங்கள் அப்பத்தாவின் தாலாட்டு அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கும்.

இனி கருவியின் கதைக்கு வருவோம். 1970களில் டெக்குகள் வேகமாக வளர்ந்தன. இரைச்சலைக் குறைக்கும் டால்பி முறையும் குரோமியம் டை ஆக்சைடு நாடாவும் சேர்ந்து கேசட்டின் தரத்தை உயர்த்தின. 1973இல் ஜப்பானின் நாகாமிச்சி மூன்று ஹெட் கொண்ட டெக்கைக் கொண்டுவந்தது. அழிக்க ஒன்று, பதிய ஒன்று, கேட்க ஒன்று. ஆகாய் நிறுவனம் கண்ணாடியில் பதித்த ஒற்றைப் படிக ஃபெரைட்டில் ஹெட் செய்தது; தேயவே தேயாது என்று சொல்லும்படி அவ்வளவு கடினம். 1979இல் வாக்மேன் வந்தது. 1982இல் சி.டி. வந்தது. சி.டி.யை உருவாக்கிய வேலையிலும் நம் ஓட்டன்ஸுக்குப் பங்கு உண்டு என்பது வரலாற்றின் வேடிக்கை. 2010இல் ஜப்பானில் சோனி கேசட் வாக்மேன் விற்பதை நிறுத்தியது. ஓட்டன்ஸ் 2021இல் தம் 94ஆவது வயதில் காலமானார்.

ஒரு மாடல் நின்றுபோன பிறகு நிறுவனங்கள் சில ஆண்டுகள் பாகங்களை இருப்பு வைத்திருக்கும். அதன்பின் அந்த மாடலுக்குப் பாகம் கிடைக்கும் ஒரே இடம், அதே மாடலின் இன்னொரு டெக்தான். புதுப்பேட்டையில் கார்களைப் பிரித்து விற்பது உங்களுக்குத் தெரியும். அதே தொழில்தான் இது. ஆனால் காருக்கு இன்றும் புதுப் பாகம் வருகிறது, டெக்குக்கு வருவதில்லை.

புதிய கேசட் கருவிகள் இன்றும் விற்கின்றனவே என்று கேட்பீர்கள். உண்மை. அவற்றில் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது, ஜப்பானின் தனாஷின் என்ற நிறுவனம் முன்பு செய்த எளிய இயந்திரத்தின் மலிவான நகல். பாட்டுக் கேட்கப் போதும். தேய்ந்த பழைய நாடாவில் இருந்து ஒரு குரலை முழுதாக வெளியே எடுக்க அது போதாது.

ஏன் போதாது என்பதற்குச் சின்னக் கணக்கு. நம் பள்ளியின் இயற்பியல் ஆசிரியர் நண்பர் எனக்குப் போட்டுக் காட்டியது. விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் நாடாவில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்தால், ஓர் அலை பிடிக்கும் நீளம் 4.76 மைக்ரான். தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைப் படிக்க ஹெட்டில் உள்ள இடுக்கு அதைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். அந்த இடுக்கு நாடாவின் ஓட்டத்துக்குச் சரியாகச் செங்குத்தாக நிற்கவும் வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மழுங்கி, போர்வைக்குள் இருந்து பேசுவது போலக் கேட்கும். இப்படிப்பட்ட ஹெட்டைப் பட்டறையில் செய்ய முடியாது. அதற்கென்றே தொழிற்சாலை வேண்டும்.

மதுரையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டெக் வேலையில் நாற்பது வருட அனுபவம். அவரிடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இது: டெக்குக்குள் இரண்டு விதமான சாவு உண்டு. ஒன்று ஓடி ஓடிச் சாவது. மற்றது சும்மா இருந்தே சாவது.

ஹெட், மோட்டார், தாங்கிகள் ஓடி ஓடித் தேய்கின்றன. ரப்பர் அப்படி இல்லை. பெல்ட் சும்மா இருந்தாலும் காலம் அதைத் தின்றுவிடும். சில பெல்ட்டுகள் இளகித் தார் போல ஆகிவிடும். கையில் பட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் தேய்த்தால்தான் போகும். நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் ரோலர் கல்லாக இறுகிவிடும். மின்தேக்கிகளின் உள்ளே இருக்கும் திரவம் வற்றும், அல்லது கசியும். பிளாஸ்டிக் பல் சக்கரங்களும் வருடக்கணக்கில் இறுக்கத்திலேயே இருந்து ஒரு நாள் பிளந்துகொள்ளும்.

இதில் இருந்து ஒரு விநோதமான முடிவு வருகிறது. வீட்டில் வாங்கி வைத்து அதிகம் ஓட்டாமல் பரணில் போட்ட டெக், பெல்ட் இளகிப்போய் 'செத்துப்போச்சு' என்று தூக்கி எறியப்படுகிறது. ஆனால் அதன் ஹெட் புத்தம் புதிது போல இருக்கும். ரெக்கார்டிங் சென்டரில் இரவு பகலாக ஓடிய டெக் இன்னும் ஓடும். அதன் ஹெட்டில் நாடா உழுத பள்ளம் தெரியும். செத்ததாக நாம் நினைப்பதன் உள்ளே நல்ல உறுப்பு இருக்கிறது. ஓடாத டெக்கைக் கேட்கும் என் பைத்தியத்துக்குக் காரணம் இதுதான்.

எதை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. பெல்ட், ரப்பர், மின்தேக்கிகளைப் பழையதில் இருந்து எடுப்பது வீண். இவை புதிதாகக் கிடைக்கின்றன. ஹெட், மோட்டார், பல் சக்கரம், கனமான சுழல் சக்கரம், டால்பி ஐ.சி., மீட்டர், அந்த மாடலுக்கே உரிய பொத்தான், வில், ஒற்றைத் திருகாணி வரைக்கும் பொக்கிஷம். மோட்டாரை எடுக்கும்போது அது எத்தனை வோல்ட், கடிகாரச் சுற்றா, எதிர்ச் சுற்றா என்று பார்த்து எழுதி ஒட்ட வேண்டும். பார்க்க ஒன்றாக இருக்கும். மாற்றிப் போட்டால் நாடா பின்னால் ஓடும். ஹெட்டைக் கழற்றுமுன் அதன் அடியில் உள்ள மெல்லிய தகடுகளும் திருகாணிகளும் எந்த இடத்தில் இருந்தன என்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ரகசியம், பெட்டிமேல் உள்ள பெயரை நம்பக் கூடாது. சாங்கியோ, ஆல்ப்ஸ், தனாஷின் போன்ற நிறுவனங்கள் நாடாவை ஓட்டும் இயந்திரத்தை மட்டும் செய்து பல பிராண்டுகளுக்குக் கொடுத்தன. மேலே பெயர் வேறு, விலை வேறு. உள்ளே அண்ணன் தம்பி. எந்தப் பெட்டிக்குள் யாருடைய இயந்திரம் என்ற வம்சாவளி மெக்கானிக்குகளின் தலையில்தான் இருக்கிறது. யாரும் எழுதி வைக்கவில்லை. மதுரைக்காரர் சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை 60 பக்கம். அதுவும் வாய்மொழி வரலாறுதானே!

இந்தத் தொழிலுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த தேக்குத் தூண், நிலை, கதவு, பித்தளைச் சாமான் எல்லாம் அங்கே கிடைக்கும். விழுந்த வீட்டின் தூண் வேறொரு வீட்டைத் தாங்கினால் நல்லதுதான். நிற்கிற வீட்டைத் தூணுக்காக இடிக்க ஆரம்பித்தால்? டெக்கிலும் அது நடக்கிறது. முழு டெக்கை விற்பதைவிட ஹெட், மோட்டார், மீட்டர் என்று பிரித்து விற்றால் அதிகக் காசு. பெல்ட் மாற்றினால் ஓடக்கூடிய டெக்கும் அப்படிப் பிரிக்கப்படுகிறது. பிரித்த ஒவ்வொன்றும் உலகத்தின் மொத்தக் கணக்கில் ஒரு டெக் குறைவு. இனிமேல் அந்தக் கணக்கு கூடப் போவதில்லை.

அதனால் மதுரைக்காரரும் நானும் மூன்று விதிகள் வைத்திருக்கிறோம். பெல்ட், ரப்பர், மின்தேக்கி மாற்றினால் பிழைக்கும் டெக்கைப் பிரிப்பதில்லை. பிரிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு பாகத்துக்காகப் பிரித்து மீதியைக் குப்பையில் போடுவதில்லை. எல்லாவற்றையும் பெயர் எழுதி வைக்கிறோம். பிரிக்குமுன் உள்ளே கேசட் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கிறோம். மூன்றாவது விதியைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். இதுவரை வந்த 11 டெக்குகளில் மூன்றின் உள்ளே கேசட் இருந்தது.

இவ்வளவும் எதற்காக என்று இப்போது சொல்கிறேன். 1984 முதல் 1996 வரை நம் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ஊர் வரலாறு' ஒப்படைப்பு ஞாபகம் இருக்கும். உங்கள் தெருவில் உள்ள மிக வயதானவரைப் பள்ளிக்கு அழைத்து வரச் சொல்வேன். நீங்கள் கேள்வி கேட்க, அவர்கள் பேச, என் டூ-இன்-ஒன்னில் பதிவாகும். மொத்தம் 43 கேசட்டுகள். பஞ்ச காலத்தில் என்ன சாப்பிட்டார்கள், ஊருக்குக் கரண்டு வந்த நாளில் யார் பயந்தார்கள், கண்மாய் மடை முறை எப்படி, 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின் இரவில் இங்கே காற்று எப்படி இருந்தது என்பதெல்லாம் அவற்றில் இருக்கின்றன. பேசிய பெரியவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை.

இந்தக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற, முன்பு நம் ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தவரின் டெக் கிடைத்தது. நல்ல ஹெட். ஆனால் உள்ளே ஒரு பல் சக்கரம், ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியது, பிளந்திருந்தது. அது இல்லாமல் ஹெட் நாடாவரைக்கும் எழும்பி வராது. எட்டு மாதம் தேடினோம். கடைசியில் 1988 செட் மாணவி ஒருத்தி, கோயம்புத்தூரில் தன் மாமனார் வீட்டுப் பரணில் இருந்த டெக்கை அனுப்பினாள். வேறு பிராண்ட். மதுரைக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ளை" என்றார். அதன் மின்பகுதி முழுவதும் தண்ணீர் பட்டுக் கெட்டிருந்தது. சக்கரம் முழுசாக இருந்தது. அதை எடுத்து இதில் போட்டோம்.

இதுவரை 17 கேசட்டுகள் ஏறியிருக்கின்றன. புயல் இரவைப் பற்றிய பாட்டியின் பேச்சு அதில் இருக்கிறது. அவர் நடுவில் அழ ஆரம்பிக்க, கேள்வி கேட்ட எட்டாம் வகுப்புப் பையன் என்ன செய்வது என்று தெரியாமல், "பாட்டி, தண்ணி குடிக்கிறியளா?" என்று கேட்கிறான். அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது. இதைப் படித்துக்கொண்டும் இருப்பான். மீதி 26 கேசட்டுகள் இருக்கின்றன. இப்போதுள்ள ரோலரும் மோட்டாரும் அதுவரை தாங்க வேண்டும்.

இது நம் ஊர்க் கவலை மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் 2015இலேயே 2025ஐக் கெடுவாகக் குறித்து எச்சரித்தது. 2019இல் யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 'காந்த நாடா எச்சரிக்கை' என்ற திட்டத்தையே தொடங்கின. காரணம் நாடா கெட்டுப்போவது மட்டும் அல்ல. ஓட்டும் கருவியும், பாகங்களும், பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் தீர்ந்து போகிறார்கள் என்பதுதான். நாடா நல்லபடியாக இருந்தும் கேட்க வழியில்லாமல் போனால் அது பூட்டிய பெட்டி. சாவி உலகத்திலேயே இல்லை.

பழையதைப் பிரிப்பதில் நம் முன்னோர் காட்டிய முறை ஒன்று உண்டு. வகுப்பில் சொல்லியிருக்கிறேன். திருமழபாடிக் கோவில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, சுவர்களில் இருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்தார்கள். பிறகு இராசேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். கல் பழசானால் மாற்றலாம். அதில் எழுதியிருப்பதைத் தொலைக்கக் கூடாது என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

வீட்டைக் காலி செய்யும்போது, வெள்ளையடிக்கும்போது, பழைய டெக்கோ டூ-இன்-ஒன்னோ கண்ணில் பட்டால் உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். பிளக்கைச் சொருகி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம்; இளகிய பெல்ட் நாடாவைச் சிக்க வைத்துவிடும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிழைக்குமா, உறுப்பு தானம் செய்யலாமா என்று மதுரைக்காரர் சொல்வார்.

கேசட்டுகளை வெயிலில், ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள். வெறும் சினிமாப் பாட்டு என்று அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாட்டுக்கு மேலேயே வீட்டுப் பேச்சைப் பதிந்த வீடுகள் நிறைய.

உங்கள் பிள்ளைகளில் யாருக்காவது திருப்புளி பிடிக்க ஆசை இருந்தால் விடுமுறையில் மதுரைக்கு அனுப்புங்கள். அவருக்கு 67 வயது. பாகத்தைக்கூட இன்னொரு டெக்கில் இருந்து எடுத்துவிடலாம். அவர் கையில் இருக்கும் வித்தையை அப்படி எடுக்க முடியாது.

அடுத்த மாதம் 18ஆவது கேசட். அட்டையில் '9-ஆ பிரிவு, கண்மாய்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. அந்தப் பிரிவில் படித்தவர்கள் யார் என்று சொல்லுங்கள்; ஒலிக்கோப்பை உங்களுக்குத்தான் முதலில் அனுப்புவேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்